.308-க்கு மேட்ச் பிரைமர் வாங்கினால் உண்மையிலேயே பயன் இருக்கிறதா, சாதாரண சிசிஐ 200 போதுமா?

வடக்குடெக்சாஸ்308:

வணக்கம். என்னிடம் இருப்பது டிக்கா டி3எக்ஸ், .308 வின்செஸ்டர். தோட்டாவை நானே கட்டுகிறேன்: லபுவா கேஸ் (பித்தளைக் கூடு), 175 கிரெய்ன் சியரா மேட்ச்கிங் புல்லட், வார்கெட் பவுடர், அதைப் பற்றவைக்க சிசிஐ 200 பிரைமர். இதுவரை 100 கஜத்தில்தான் சுட்டுக்கொண்டிருந்தேன், குரூப் முக்கால் அங்குலத்துக்குள் நிற்கிறது, அதில் எனக்குக் குறையே இல்லை. இப்போது பக்கத்து கிளப்பில் 600 கஜம் எஃப்-கிளாஸ் (தாங்கியில் வைத்துப் படுத்துச் சுடும்) போட்டிக்கு வரச் சொல்கிறார்கள், அதற்காகப் புல்லட்டின் வேகத்தை அளக்கும் ஒரு க்ரோனோகிராஃபும் வாங்கிவிட்டேன். பத்து ரவுண்டு சுட்டதில் எஸ்டி (வேகத்தின் திட்ட விலக்கம், வினாடிக்கு அடிக் கணக்கில்) 9 காட்டியது.

ரேஞ்சில் என்னோடு சுடும் ஒருவர், சிசிஐ 200-ஐ விட்டுவிட்டு ஃபெடரலின் மேட்ச் (போட்டித் தர) பிரைமரான 210எம்-க்கு மாறு என்கிறார். அவர் தன் துப்பாக்கியில் இரண்டையும் ஐந்தைந்து சுட்டுப் பார்த்தாராம், எஸ்டி 11-லிருந்து 6-க்கு இறங்கிவிட்டதாம். கடையில் விசாரித்தால் ஆயிரம் பிரைமர் பெட்டிக்கு 25 டாலர் அதிகம். பணம் பெரிய பிரச்சினை இல்லை, ஆனால் இவ்வளவு நாள் ஒத்துப்போன ஒன்றை மாற்றிவிட்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டியிருக்குமோ என்றுதான் தயக்கம். மேட்ச் பிரைமரில் அப்படி என்னதான் வேறு? இன்னொன்று, .223-இல் ஒரு ஏஆர்-15 இருக்கிறது. மாறுவதாக இருந்தால் அதற்கும் 205எம் (ஃபெடரலின் சின்ன அளவு மேட்ச் பிரைமர்) சேர்த்து ஆர்டர் செய்துவிடலாமா, எப்படியும் ஹாஸ்மாட் கட்டணம் (ஆபத்தான சரக்கை அனுப்பும் கட்டணம்) ஒருமுறைதானே?

பித்தளைப்பிரியன்:

முதலில் அந்த ஐந்து ரவுண்டு கணக்கைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் இந்த விஷயத்தில் பாதிப் பேர் பணத்தைச் செலவழிப்பது இப்படி ஒரு சோதனையை நம்பித்தான். ஐந்து ரவுண்டில் எஸ்டி 11 வந்தால் அந்த லோடின் (தோட்டா அமைப்பின்) உண்மையான எஸ்டி 6.6-இலிருந்து 31.6 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம், 95 சதவீத நம்பிக்கையில் சொல்லக்கூடியது அவ்வளவுதான். 6 வந்தால் 3.6-இலிருந்து 17 வரை. இரண்டு எல்லைகளும் ஒன்றின்மேல் ஒன்று படிகின்றன பாருங்கள். ஒரே பெட்டிப் பிரைமரை இரண்டு கூறாகப் பிரித்து ஐந்தைந்து சுட்டால்கூட 11-உம் 6-உம் வரும். உங்களுடைய பத்து ரவுண்டு 9 என்பதும் அப்படித்தான், நிஜத்தில் 6-ஆகவும் இருக்கலாம், 16-ஆகவும் இருக்கலாம். இருபது, முப்பது சுட்ட பிறகுதான் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு பேச முடியும்.

சரி, மேட்ச் பிரைமரில் என்ன வேறு என்று கேட்டீர்கள். 210-க்கும் 210எம்-க்கும் அடிப்படை ஒன்றுதான். ஒரு கப், உள்ளே லெட் ஸ்டிஃப்னேட் என்ற வெடிக்கும் கலவை, மேலே அன்வில் என்ற சின்ன உலோகத் துண்டு; துப்பாக்கியின் ஊசி அடிக்கும்போது கலவை இதன்மேல் நசுங்கிப் பற்றும். கலவை காய்ந்துவிட்டால் லேசான உராய்விலேயே வெடித்துவிடும் என்பதால் ஈரமாக இருக்கும்போதே ஆலையில் துளைத் தகட்டில் தேய்த்துக் கப்புகளுக்குள் இறக்குகிறார்கள். ஒவ்வொரு துளையிலும் ஒரே அளவு கலவை நிற்கவேண்டும், அன்வில் ஒரே ஆழத்தில் உட்காரவேண்டும். மேட்ச் வரிசையில் இந்தச் சீர்தான் கூடுதல், சகித்துக்கொள்ளும் அளவு குறைவு, சோதனை கடுமை. அதில் ஏதோ வீரியமான சரக்கு இருக்கிறது என்று நினைக்கவேண்டாம். சாதாரணப் பிரைமரே இன்று நல்ல சீராகத்தான் வருகிறது, அதனால்தான் வித்தியாசம் கண்ணில் படுவதில்லை.

எஸ்டியைக் கூட்டிக் கழிக்கிற முறையும் நமக்குச் சாதகமாக இல்லை. ஒரு பேச்சுக்கு உங்கள் லோடின் மொத்த எஸ்டி 10, அதில் பிரைமரின் பங்கு 4 என்று வைத்துக்கொள்ளுங்கள். மேட்ச் பிரைமர் போட்டு அந்த 4-ஐ 2 ஆக்கிவிட்டீர்கள், அதாவது பாதியாகக் குறைத்துவிட்டீர்கள். மொத்தம் 8-க்கு வராது, 9.4-இல்தான் நிற்கும், ஏனென்றால் வர்க்கங்களைத்தான் கூட்டவேண்டும். பெரிய பங்கு எதுவோ அதைக் குறைத்தால்தான் மொத்தம் அசையும். .308-இல் பவுடர் 0.1 கிரெய்ன் கூடக்குறைய விழுந்தால் வேகம் ஏறக்குறைய வினாடிக்கு 5 அடி மாறும். நீங்கள் எந்தத் தராசு வைத்திருக்கிறீர்கள்? 0.1 வரைதான் காட்டும் தராசு என்றால் 25 டாலரை அதில் போட ஆரம்பியுங்கள். அடுத்தது நெக் டென்ஷன் (கேஸின் கழுத்து புல்லட்டைப் பிடிக்கும் இறுக்கம்), கேஸை அனீல் செய்வது (சூடாக்கிப் பித்தளையை மென்மையாக்குவது). பிரைமர் அதற்கெல்லாம் பிறகு.

ஆயிரம்கஜம்:

பித்தளைப்பிரியன் சொன்ன கணக்கு அத்தனையும் சரி, முடிவில்தான் நான் கொஞ்சம் வேறுபடுகிறேன். எத்தனை கஜம் என்பதைச் சேர்த்துப் பார்க்காமல் இதற்குப் பதிலே சொல்ல முடியாது.

இந்த 175 கிரெய்ன் புல்லட் 2600 அடி வேகத்தில் கிளம்புகிறது என்றால், 100 கஜத்தில் வேகம் 10 அடி குறைந்தாலும் புல்லட் இறங்குவது 0.02 அங்குலம், காகிதத்தில் அளக்கவே முடியாது. 600 கஜத்தில் அதே 10 அடி சுமார் ஒரு அங்குலம். ஆயிரம் கஜத்தில் மூன்றரை, நாலு அங்குலம். எஸ்டி 9 உள்ள லோடில் பத்து ரவுண்டு சுட்டால் வேகமானதற்கும் மெதுவானதற்கும் இடைவெளி சராசரியாக 27, 28 அடி இருக்கும். அப்படியானால் 600-இல் வேகத்தால் மட்டும் மேலும் கீழும் மூன்று அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. எஃப்-கிளாஸ் 600 கஜ டார்கெட்டில் எக்ஸ் வளையம் 3 அங்குலம், 10 வளையம் 6 அங்குலம். அதனால் 600-இல் 9 இருந்தாலும் பிழைத்துக்கொள்ளலாம். எஸ்டியை 7 ஆக்கினால் உங்களுக்குக் கிடைப்பது முக்கால் அங்குலத்துக்கும் குறைவு, அதே நேரம் காற்றை மணிக்கு ஒரு மைல் தப்பாகக் கணித்தால் புல்லட் மூன்று அங்குலம் பக்கத்தில் போய்விடும். உங்கள் நேரமும் தோட்டாவும் காற்றைப் படிக்கப் போகட்டும்.

ஆனால் ஆயிரம் கஜம் என்று வரும்போது அங்கே 10 வளையமே 10 அங்குலம்தான். எஸ்டி 9 இருந்தால் வேகம் மட்டுமே அந்த 10 அங்குலத்தை மேலும் கீழுமாகத் தின்றுவிடும். இந்த இடத்தில் எஸ்டியில் ஒன்று, இரண்டு குறைந்தால்கூட அது புள்ளியாகக் கைக்கு வருகிறது. நான் எஃப்-டிஆர் பிரிவில் சுடுகிறேன், அதில் .308-உம் .223-உம்தான் அனுமதி, அந்த வரிசையில் பெஞ்சில் உட்கார்ந்து பேசும்போது 210எம் அல்லது சிசிஐ-யின் மேட்ச் பிரைமரான பிஆர்-2 என்றுதான் அதிகமும் காதில் விழும். ஃபெடரலே கோல்டு மெடல் மேட்ச் .308 தோட்டாவில் 210எம்-ஐத்தான் வைக்கிறது. ஒரு ரவுண்டுக்கு இரண்டரை செண்ட் அதிகம். அந்த ரவுண்டில் உள்ள புல்லட்டின் விலையோடு ஒப்பிட்டால் இது ஒரு தொகையே இல்லை. போட்டிக்காகவே கட்டும் தோட்டாவுக்கு நான் யோசிக்காமல் மேட்ச்தான் போடுவேன். பழகுவதற்குச் சுடும் தோட்டாவில் வேறு பிரைமர் போடமாட்டேன், அதுதான் முக்கியம், இரண்டுக்கும் ஒரே பிரைமர், முடிந்தால் ஒரே லாட் எண் (ஒரே தயாரிப்புத் தொகுதி).

ஏஆர்பெஞ்ச்:

.308 பற்றி மேலே இருவரும் சொல்லிவிட்டார்கள், நான் அந்த ஏஆர்-15 கேள்விக்கு மட்டும் வருகிறேன். தயவுசெய்து ஹாஸ்மாட் கட்டணத்தை மிச்சப்படுத்துவதற்காக 205எம்-ஐ வண்டியில் போட்டுவிடாதீர்கள். ஏஆர்-இல் மேட்ச், சாதாரணம் என்பது இரண்டாவது கேள்வி. கப் எவ்வளவு தடிமன், எவ்வளவு சுலபத்தில் பற்றிக்கொள்ளும் என்பதுதான் முதல் கேள்வி.

காரணம் இதுதான். ஏஆர்-இல் ஃபயரிங் பின்னைப் (பிரைமரை அடிக்கும் ஊசியைப்) பிடித்துவைக்க ஸ்பிரிங் கிடையாது. போல்ட் ஓடிவந்து பூட்டும்போது அந்தப் பின் தன் வேகத்திலேயே முன்னால் போய்ப் பிரைமரை லேசாகத் தட்டிவிட்டுத் திரும்பும். நம்பவில்லை என்றால் ஒரு ரவுண்டைச் சேம்பரில் ஏற்றிச் சுடாமல் வெளியே எடுத்துப் பாருங்கள் (ரேஞ்சில், குழல் டார்கெட்டைப் பார்த்திருக்கும்போது மட்டும்). பிரைமரின் நடுவில் ஊசி தொட்டதுபோல் ஒரு சின்னக் குழி இருக்கும். சாதாரணமாக அது ஒன்றும் செய்யாது. பிரைமர் மென்மையாக இருந்து, அதோடு கேஸ் மட்டத்துக்கு மேலே துருத்திக்கொண்டும் இருந்தால் போல்ட் முழுதாகப் பூட்டும் முன்பே வெடிக்கலாம், அதுதான் ஸ்லாம் ஃபயர். எம்1 கராண்ட், எம்1ஏ மாதிரித் தானாக ஏற்றிக்கொள்ளும் மற்ற ரைஃபிள்களிலும் இதே கதைதான். ஃபெடரல் பிரைமர்கள் சுலபத்தில் பற்றக்கூடியவை என்று பெயர் வாங்கியவை, உங்கள் டிக்கா மாதிரிக் கையால் ஏற்றும் போல்ட் ஆக்‌ஷனில் அது நல்ல குணம், ஏஆர்-இல் அல்ல. ஃபெடரலே ஏஆர்-க்கென்று 205எம்ஏஆர் என்று தனியாக ஒன்று விற்கிறது. சிசிஐ-யில் ராணுவ வகை 41 எண் .223-க்கும், 34 எண் .308-க்கும் இருக்கின்றன.

மேட்ச் என்றால் எப்போதும் அதே பொருளைக் கடுமையாகச் சோதித்தது என்பதும் முழுக்கச் சரியில்லை. ஸ்மால் ரைஃபிள் அளவில் சாதாரண சிசிஐ 400-இன் கப் சுமார் 0.020 அங்குலத் தடிமன், மேட்ச் வகையான பிஆர்-4-இன் கப் 0.025. அது வேறு கப். 400 போட்டுப் பிரைமரில் ஓட்டை விழுகிற லோடு, பிஆர்-4 போட்டால் ஒழுங்காகத் தெரியும், அழுத்தமோ அப்படியே இருக்கும். அதனால் பிரைமரைப் பார்த்து அழுத்தத்தை மதிப்பிடுகிற பழக்கம் உள்ளவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளவேண்டும். ரெமிங்டன் 6½-ம் மெல்லிய கப்தான், .223-க்குப் போடாதே என்று ரெமிங்டனே எச்சரிக்கிறது. ரெமிங்டனில் .223-க்கு உரியது 7½.

வடக்குடெக்சாஸ்308:

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு எல்லோருக்கும் நன்றி. 205எம்-ஐப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டேன். தராசு 0.1 வரைதான் காட்டும், அது அடுத்த மாதச் செலவு என்று வைத்துக்கொள்கிறேன். இன்னும் ஒரு சந்தேகம். 210எம் வாங்கினால், பவுடர் அளவை அப்படியே வைத்துக்கொண்டு பிரைமரை மட்டும் மாற்றிச் சுடலாமா? தெரிந்தவர் ஒருவர் 215 மேக்னம் பெட்டி ஒன்று தரட்டுமா என்று வேறு கேட்கிறார், அதையும் இதே ஒப்பீட்டில் சேர்த்தால் என்ன?

பனிக்காடு:

அப்படியே மாற்றக்கூடாது. பிரைமர் மாறினால் பவுடரை இறக்கி, மேனுவலில் உள்ள ஆரம்ப அளவுப் பக்கம் போய், படிப்படியாக ஏறிவரவேண்டும். 200-இலிருந்து 210எம் என்றால் வேகம் பெரிதாக மாறாமல் இருக்கலாம், ஆனால் உங்கள் லோடு உச்ச அளவை ஒட்டி இருக்கிறதென்றால் அந்தச் சிறிய மாற்றம்கூட அழுத்தத்தை எல்லைக்கு மேலே தள்ளிவிடும். கஷ்டம் ஒன்றும் இல்லை, ஒரு மதிய நேர வேலை.

215 வேண்டாம். மேக்னம் பிரைமர் நீளமான, சூடான தீப்பிழம்பைத் தரும். .300 வின்செஸ்டர் மேக்னம் மாதிரி எழுபது கிரெய்னுக்கு மேல் மெதுவாக எரியும் பவுடர் அடைக்கிற கேஸுக்கும், சுலபத்தில் பற்றாத பால் பவுடருக்கும் (உருண்டை மணிப் பவுடர்), கடுங்குளிருக்கும் அது. நான் இருப்பது மினசோட்டாவில், ஃபெடரல் ஆலை உள்ள அனோகாவும் இதே மாநிலம்தான், இங்கே ஜனவரியில் பால் பவுடர் வைத்துச் சுடுபவர்கள் மேக்னம் போடுவதில் அர்த்தம் இருக்கிறது. .308-இல் வார்கெட் நீள் மணிப் பவுடர், சாதாரணப் பிரைமரில் நன்றாகப் பற்றும். டெக்சாஸ் வெயிலில் மேக்னம் போட்டால் அழுத்தம்தான் கூடும்.

இன்னொரு விஷயம், இதை யாரும் சொல்லவில்லை என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். எந்தப் பிரைமர் என்பதைவிட அதை எப்படி உட்காரவைக்கிறீர்கள் என்பதில் கிடைக்கிற பலன் அதிகம். அன்வில்லின் கால்கள் பாக்கெட்டின் (கேஸில் பிரைமர் உட்காரும் குழியின்) அடித்தளத்தில் பதிந்து, அதற்குப் பிறகு கப் இன்னும் ஒரு இழை உள்ளே போகவேண்டும். அப்போதுதான் கலவை அன்வில்லுக்கும் கப்புக்கும் நடுவில் சரியான இறுக்கத்தில் இருக்கும். கால்கள் அடியைத் தொடாமல் நின்றால் ஃபயரிங் பின்னின் அடியில் பாதி, பிரைமரைத் தள்ளுவதிலேயே போய்விடும், சிலது தாமதமாகப் பற்றும், சிலது பற்றவே பற்றாது. முடிந்தபின் பிரைமர் கேஸ் மட்டத்துக்கு 0.003-இலிருந்து 0.005 அங்குலம் கீழே இருக்கவேண்டும். பிரெஸ்ஸின் நெம்புகோலில் இது கையில் தெரியாது, கைக் கருவி வாங்குங்கள். அதில் கட்டைவிரலுக்குக் கீழே முதலில் பிரைமர் வழுக்கிக்கொண்டு போவது தெரியும், அப்புறம் கால்கள் தரையைத் தொடுகிற இடத்தில் ஒரு தடை, அதற்குமேல் ஒரு சின்ன அழுத்து, அங்கே நிறுத்திவிடவேண்டும். முடிந்ததும் கேஸைக் கண்ணாடித் தட்டில் நிற்கவைத்துப் பாருங்கள், ஆடினால் பிரைமர் மேலே நிற்கிறது. பாக்கெட்டில் பழைய கரி அடை தட்டியிருந்தால் எந்த மேட்ச் பிரைமரும் ஒரே ஆழத்தில் உட்காராது.

உட்கார மறுக்கிற பிரைமரைப் பலம் போட்டு நசுக்கவேண்டாம். கேஸைத் தள்ளி வைத்துவிடுங்கள். கண்ணாடி போடாமல் பிரைமர் வேலை செய்யாதீர்கள். மேட்ச் என்று பெருமையாக ஒரு பாட்டிலில் கொட்டி வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், அது மிகவும் ஆபத்து, ஒன்று பற்றினால் மொத்தமும் ஒரே நேரத்தில் வெடிக்கும். ஆலை அனுப்பிய தட்டில் ஒவ்வொன்றும் தனித்தனிக் குழியில் இருப்பதே அதற்காகத்தான். வேலை முடிந்தால் கை கழுவுங்கள், ஈயம் கலந்தது அது.

நியூஜெர்சிபுதியவன்:

நடுவில் ஒரு கேள்விக்கு மன்னிக்கவும். நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன், துப்பாக்கி கிடையாது, ரேஞ்சில் நண்பரோடு போவேன். அவருக்கு ரீலோடிங் செய்ய உதவியாகப் பிரைமர், கேஸ் மட்டும் வாங்கி என் வீட்டில் வைக்கலாமா? தோட்டா இல்லையே, வெறும் உதிரிபாகம்தானே.

ஆயிரம்கஜம்:

வேண்டாம் தம்பி. அமெரிக்கச் சட்டத்தில் தோட்டா என்பதன் வரையறைக்குள்ளேயே பிரைமரும் காலி கேஸும் பவுடரும் புல்லட்டும் வருகின்றன. குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் மாதிரி ஒருசில விதிவிலக்குகள் உண்டு. கிரீன் கார்டு வந்தபின் இந்தத் தடை போய்விடும். ஒரு பெட்டி பிரைமருக்காக விசாவைப் பணயம் வைக்காதீர்கள். ரேஞ்சுக்குப் போவது பற்றியும் ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள், இங்கே நாங்கள் சொல்வதை வைத்து முடிவெடுக்கவேண்டாம்.

வடக்குடெக்சாஸ்308:

சரி, இப்படிச் செய்யப்போகிறேன். கைக் கருவி முதலில். 210எம் நூறு மட்டும் வாங்கி, பவுடரை இறக்கிப் படிப்படியாக ஏற்றி, 200 தருகிற அதே வேகத்துக்குக் கொண்டுவந்தபின் இரண்டையும் ஒப்பிடுகிறேன். எத்தனை சுடவேண்டும், எந்த வரிசையில்?

பித்தளைப்பிரியன்:

ஒவ்வொன்றிலும் இருபதுக்குக் குறையாமல், முப்பது என்றால் நல்லது. முதலில் 200 முழுவதையும் சுட்டுவிட்டு அப்புறம் 210எம் என்று போகாதீர்கள், பேரல் சூடாகச் சூடாக, கரி படியப்படிய வேகமும் மாறும், அந்த மாற்றம் முழுவதும் இரண்டாவது பிரைமர் தலையில் விழும். ஒன்று விட்டு ஒன்று சுடுங்கள். கேஸ்கள் ஒரே லாட், ஒரே எண்ணிக்கை முறை சுட்டவை, பவுடர் ஒரே டப்பா. தோட்டாவைச் சேம்பரில் நெடுநேரம் வேகவிடாதீர்கள், ஏற்றியதும் சுடுங்கள். க்ரோனோகிராஃபில் இரண்டு தனித்தனிக் கணக்குத் தொடங்க முடியாவிட்டால் ஒரு காகிதத்தில் ரவுண்டு எண்ணைப் போட்டு எழுதிக்கொள்ளுங்கள், வீட்டில் வந்து பிரித்துக்கொள்ளலாம்.

முப்பது சுட்டும் 9-க்கும் 8-க்கும்தான் வித்தியாசம் என்றால் அது வித்தியாசமே இல்லை, எது கடையில் சுலபமாகக் கிடைக்கிறதோ அதை ஒரே லாட்டில் ஐயாயிரம் வாங்கிப் போடுங்கள். 2020-க்குப் பிறகு இரண்டு வருடம் பிரைமர் கிடைக்காமல் அலைந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும், அப்போது கையில் கிடைத்ததை எல்லாம் கலந்து போட்டவர்களின் எஸ்டிதான் அதிகம் கெட்டது. வீட்டில் பத்தாயிரம் பிரைமர் வரைதான் என்று தீப்பாதுகாப்பு விதி சொல்கிறது, அதற்குள் நில்லுங்கள். 9-க்கும் 5-க்கும் என்று வந்தால் தயங்காமல் 210எம்-க்கு மாறுங்கள், வந்து இங்கே எண்களையும் போடுங்கள், முப்பது ரவுண்டு போட்டு ஒப்பிட்டவர்கள் மிகவும் குறைவு.